மெம்பர் வீட்டு அடுப்பு

எங்கள் போஷான் ஊரில் ஒருவன் சட்டசபைக்குப் போக ஆசைப்பட்டால் அவனை நாங்கள் அனுப்பமாட்டோம். ஆசைப்படுகிறவன் மனசுக்குள் ஏதோ திட்டம் வைத்திருப்பான். அதனால்தான் எலுவா ஜாமாரைப் பிடித்தோம். அவன் பெயரைச் சொன்ன அன்றைக்கு அவன் வைக்கோல் பரணில் ஏறி ஒளிந்துகொண்டான். நாலு பேர் ஏணி வைத்து இறக்க வேண்டியிருந்தது. இவ்வளவு பயப்படுகிறவன் யோக்கியனாகத்தான் இருப்பான் என்று ஊர் முடிவு கட்டியது. முடிவு கட்டிய கையோடு தச்சர் லம்பேர் ஒரு கேள்வி போட்டார்: "அதெல்லாம் சரி, யோக்கியன் எதுக்குய்யா இவ்வளவு பயப்படுறான்?" இருந்தாலும் தேர்தல் வந்துவிட்டதால் அவனுக்கே ஓட்டுப் போட்டோம்.

நான் சிப்ரியன் பூலே. குதிரைச் சேணம் தைக்கிறவன். உள்நாட்டுப் போரில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்ததால் எனக்கு இங்கிலீஷ் வரும். எலுவா பெல்ஜியத்திலிருந்து கப்பல் ஏறியபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. இருபத்தெட்டு வருஷமாக இந்த விஸ்கான்சின் காட்டை வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்தவனுக்கு இங்கிலீஷில் மாட்டை அதட்டத் தெரியும். மனிதர்களோடு பேசத் தடுமாறுவான். ஆகவே மொழிபெயர்க்க ஓர் ஆள் கூடப் போகட்டும் என்று ஊரில் சொன்னார்கள். அது வெளியே சொன்ன காரணம். லம்பேர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்கோ. தலைநகரத் தண்ணி குடிச்சா ஆள் மாறிடுவான்" என்றார். சரி என்றேன். பிறகுதான் தெரிந்தது, நான் ஊருக்கு எழுதும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்து என் மேலும் ஒரு கண் வைக்கும்படி கோயில் மணியடிக்கிறவரிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் மணியடிக்கிறவர் மேலும் ஓர் ஆளைப் போட்டிருப்பேன்.

விஷயம் அடுப்பு. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு செங்கல் அடுப்பு உண்டு. வாய் சமையலறைக்குள் இருக்கும், வயிறு சுவரைத் தாண்டி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஒரே சூட்டில் முப்பது தார்த்து சுடலாம். தார்த்து இல்லாமல் எங்களுக்குக் கல்யாணமும் இல்லை, கெர்மிஸ் திருவிழாவும் இல்லை. தட்டையான மாவின் மேல் உலர்ந்த பிளம்ஸை வேகவைத்து மசித்துப் பரப்பி, அதன் மேல் பாலாடைக்கட்டியைத் தடவிச் சுட்டால் அதுதான் தார்த்து. இருபது வருஷத்துக்கு முன் பெருந்தீ வந்து காடும் வீடும் வைக்கோற்போரும் ஒரே நாளில் சாம்பலானபோது ஊரில் மிச்சம் நின்றவை இந்த அடுப்புகள்தான். கூரை போட்டு முடிக்கும் வரை இரண்டு மாதம் அவற்றைச் சுற்றிப் படுத்துத்தான் பிழைத்தோம்.

அந்த அடுப்புகளை இடிக்க வேண்டும் என்று தலைநகரம் மேடிசனில் ஒரு மசோதா வருகிறது என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். தீ விபத்திலிருந்து மக்களைக் காக்கும் மசோதா என்று அதற்குப் பெயர். செங்கல் அடுப்பு ஆபத்தாம், எல்லோரும் இரும்பு அடுப்பு வாங்க வேண்டுமாம். அதைத் தடுத்துவிட்டு வா என்றுதான் எலுவாவை அனுப்பினோம். வேறு வேலை எதுவும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

கிளம்பும்போது அவன் மனைவி மெலானி ஒரு கூடை நிறையத் தார்த்து கட்டிக் கொடுத்தாள். "சிப்ரியன், இந்த மனுஷனுக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராது. நீதான் பார்த்துக்கணும்" என்றாள். பார்த்துக்கொள்ளத்தானே போகிறேன் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கிரீன் பே ஸ்டேஷனிலேயே ஆரம்பித்துவிட்டது. நீலக் கோட்டுப் போட்ட ரயில் கம்பெனிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து எலுவாவின் கையில் ஓர் உறையைத் திணித்தார். உள்ளே ஒரு வருஷத்துக்கான இலவச பாஸ். எங்களூரில் ஒருவர் கை நீட்டிக் கொடுத்தால் மறுப்பது பெரிய அவமரியாதை. அதைவிட அவமரியாதை, கொடுத்தவரை வெறுங்கையோடு அனுப்புவது. முட்டை கொண்டுவந்த கூடையில் வெங்காயமாவது போட்டுத்தான் திருப்புவோம். எலுவா உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கூடையைத் திறந்து ஒரு தார்த்தை எடுத்து நீலக் கோட்டுக்காரர் கையில் வைத்தான்.

"என்ன இது?" என்றார் அவர்.

"தார்த்துங்க. எங்க வீட்டுல சுட்டது" என்றான் எலுவா.

"எதுக்கு?"

"நீங்க ஒண்ணு குடுத்தீங்கல்ல."

அந்த மனிதர் முகம் வெளுத்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்தார். ரயில் நகர்ந்தபோது நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு தார்த்தைத் துண்டு துண்டாகப் பிய்த்து உள்ளே ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

மேடிசன் சட்டசபையைப் பற்றி என்ன சொல்ல? காலையில் ஒரு போதகர் வந்து, சபைக்கு ஞானம் கொடு என்று கடவுளிடம் மன்றாடுவார். பிறகு நேற்று என்ன நடந்தது என்பதைப் படிப்பார்கள். நேற்று என்ன நடந்தது என்றால், முந்தாநாள் நடந்ததைப் படித்தார்கள். அது முடிந்ததும் ஒருவர் எழுந்து சபையை ஒத்திவைக்க வேண்டும் என்பார். இன்னொருவர் அது முறையல்ல என்பார். முறையா இல்லையா என்று சாப்பாட்டு நேரம் வரை பேசுவார்கள். எலுவா முதல் வாரம் முழுக்கத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கவனித்தான். நான் பின்னால் உட்கார்ந்து அவனைக் கவனித்தேன்.

கொடுக்கிறவர்கள் மட்டும் ஓயவில்லை. சுருட்டுப் பெட்டி வந்தது. பேனாக்கத்தி வந்தது. மர வியாபாரிகள் ஒரு பன்றித்தொடை அனுப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் எலுவா அன்று சாயங்காலமே ஒரு தார்த்தை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். கூடை காலியானதும் மெலானிக்கு எழுதச் சொன்னான். வாரத்துக்கு ஒரு கூடை ரயிலில் வர ஆரம்பித்தது.

அப்புறம் வந்தார் லூத்தர் காப். இரும்பு அடுப்புக் கம்பெனியின் ஆள். நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வாசலில் நாலு ஆள் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து ஓர் அடுப்பை இறக்கினார்கள். நிக்கல் பூச்சு, நாலு கால், கதவில் ஒரு மான் படம்.

"மெம்பருக்கு எங்க கம்பெனியோட அன்பளிப்பு" என்றார் காப்.

எனக்குச் சுருக்கென்றது. "எலுவா, வேணாம்டா. நாம எதை எதிர்க்க வந்தோமோ அதே அடுப்புடா இது" என்றேன்.

"தெரியுதுப்பா. ஆனா பாவம், இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்காங்களே. திருப்பி அனுப்பினா அவரு மனசு என்ன பாடுபடும்?" என்றான். பிறகு காப்பைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க. ஆனா உங்க மசோதாவை எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன்" என்றான்.

காப் வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டசபையில் இவ்வளவு நல்ல நகைச்சுவை கேட்டு நாளாயிற்று என்றார். மறு வாரம் அவர் வீட்டு வாசலில் எலுவா பன்னிரண்டு தார்த்துகளோடு போய் நின்றபோது அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வக்கீலைக் கூப்பிட்டார்.

அதன்பின் மேடிசன் முழுக்க ஒரே பேச்சு. இந்த பெல்ஜியத்துக்காரன் எதையும் கேட்கமாட்டேன் என்கிறான், ஆனால் கொடுத்துக்கொண்டே இருக்கிறான், இவனுக்கு என்னதான் வேண்டும்? ஒரு நாள் சபையின் மூத்த மெம்பர் ஒருவர் நடைவழியில் என்னை மடக்கினார்.

"தம்பி, உங்க ஆளு விலை என்ன?"

"விலையெல்லாம் இல்லீங்க. எங்க அடுப்பை இடிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"அது வெளியில சொல்றதுப்பா. நெசமா என்ன வேணும்?"

"நெசமாவே அதாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் கூட்டா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நான் விடுதிக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தேன். இத்தனை பெரிய மனிதர்கள் இவ்வளவு தூரம் சந்தேகப்படுகிறார்கள் என்றால் ஒன்றுமே இல்லாமலா இருக்கும்? எலுவா தூங்கிய பிறகு அவன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு சட்டை, ஒரு ஜெபமாலை, கழுவித் துடைத்த தார்த்துத் தட்டுகள். மெலானி தட்டுகளை எண்ணித் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

பிப்ரவரியில் தீத்தடுப்புக் கமிட்டித் தலைவர் ஆல்ஃபியஸ் ட்வைனிங் எழுந்தார். நரைத்த தாடி, வெண்கல மணி போல் குரல். அடுப்பு மசோதாவும் அவருடையதுதான். போன வாரம் எலுவாவுக்கு ஒரு சுருட்டு நீட்டியிருந்ததால் அவர் மேசைக்கும் ஒரு தார்த்து போயிருந்தது.

"கனம் சபாநாயகர் அவர்களே! இருபது ஆண்டுகளாக இந்த மாமன்றத்தில் அமர்ந்திருக்கிறேன். என் மேசைமீது சுருட்டு வைத்திருக்கிறார்கள், விஸ்கி வைத்திருக்கிறார்கள், ஒருமுறை குதிரையே கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எதற்காக வைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது! அந்தத் தெளிவுதான், அந்த நேர்மைதான், இந்த மன்றத்தின் அடித்தளம்! இன்றோ என் மேசைமீது ஒரு பலகாரம் இருக்கிறது. எதற்காக என்று எனக்குத் தெரியவில்லை. நண்பர்களே, தெரியவில்லை! ஓர் உறுப்பினர் தனக்கு எது எதற்காகத் தரப்படுகிறது என்று தெரியாத நிலையில் மக்களுக்கு எப்படிப் பணியாற்ற முடியும்?"

கைதட்டல் அடங்க ரொம்ப நேரமாயிற்று. நோக்கம் விளங்காத பலகாரங்கள் பற்றிய விசேஷ விசாரணைக் கமிட்டி என்று ஒன்று அன்றே அமைந்தது. ஏழு பேர். தலைவர் ட்வைனிங்.

முதல் நாள் விசாரணையில் சான்று ஒன்று என்று சீட்டு ஒட்டி ஒரு தார்த்தைப் பச்சைத் துணி விரித்த மேசையில் வைத்தார்கள். இதன் தன்மையைக் கமிட்டி நேரில் அறிய வேண்டும் என்று ட்வைனிங் சொன்னார். ஏழு பேரும் அறிந்தார்கள். தட்டு மட்டும் மிஞ்சியது. சான்று இல்லாமல் விசாரணையைத் தொடர முடியாது என்று சட்ட ஆலோசகர் எடுத்துச் சொன்னதால், எலுவாவுக்கு எழுத்து மூலமாக உத்தரவு வந்தது: அடுத்த அமர்வுக்குள் இன்னொரு தார்த்தை ஆஜர்படுத்த வேண்டும். அடுத்த அமர்வில் அதையும் அறிந்தார்கள். மூன்றாவது அமர்வில், பிளம்ஸ் தவிர அரிசிப் பாயசத்தை மேலே ஊற்றிச் செய்யும் வகையும் உண்டென்று கேள்விப்படுகிறோம், ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் தேவை என்றார்கள். தன் பலகாரத்தைக் குற்றம் என்று விசாரிக்கிற கமிட்டிக்கு மெலானி அந்தக் குளிர்காலம் முழுக்க விறகு போட்டுச் சுட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

எலுவாவைக் கூண்டில் ஏற்றினார்கள். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன்.

"மிஸ்டர் ஜாமார், ரயில் கம்பெனி ஆளுக்கு நீங்க தார்த்து குடுத்தது உண்மையா?"

"உண்மைங்க."

"எதுக்காக?"

"அவரு எனக்கு பாஸ் குடுத்தாருங்க."

ஏழு பேரும் ஒரே சமயத்தில் இருமினார்கள். "பாஸைப் பத்தி இங்க யாரும் கேக்கல" என்றார் ட்வைனிங். "பாஸ் எல்லா மெம்பருக்கும் குடுக்குறதுதான். அது வழக்கம். பாஸ் வாங்கின மெம்பர்ல வேற யாராவது இப்படித் தார்த்து குடுத்தாங்களா?"

"இல்லீங்க" என்றான் எலுவா. பிறகு ரொம்ப மரியாதையாக, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டான்: "அவங்க பதிலுக்கு என்னங்க குடுத்தாங்க?"

நான் மொழிபெயர்த்ததில் தப்பிருக்குமோ என்று சுருக்கெழுத்துக்காரர் என்னைப் பார்த்தார். தப்பில்லை என்று தலையாட்டினேன். ட்வைனிங் கைக்குட்டையால் தாடியைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு, தண்ணீர் இடைவேளை விட்டார். இடைவேளை ஒன்பது நாள் நீடித்தது.

இதற்கு நடுவில் அடுப்பு மசோதா ஓட்டுக்கு வந்தது. ட்வைனிங் பேசினார்: "அந்தப் பெருந்தீயைப் பற்றிய அறிக்கை என் கையில் இருக்கிறது. எரிந்துபோன ஒவ்வொரு வீட்டின் அருகிலும் ஒரு செங்கல் அடுப்பு காணப்பட்டதாக அது கூறுகிறது. ஒவ்வொரு வீட்டின் அருகிலும்! வீடு எரிந்தது, கொட்டகை எரிந்தது, அடுப்பு எரியவில்லை. தான் மட்டும் எப்படித் தப்பித்தது என்று அந்த அடுப்பு இதுவரை விளக்கம் தரவில்லை. எங்கள் நண்பர் திரு. காப் அவர்களின் கம்பெனி அடுப்போ, அந்தப் பிரதேசத்தில் அப்போது ஒன்றுகூட இல்லாததால், எந்தக் குற்றமும் செய்யவில்லை."

எலுவா எழுந்தான். அன்றைக்கு என் உதவி வேண்டாம் என்றான். மூன்று வாரமாக எழுதி வைத்துப் படித்துக்கொண்டிருந்தானாம். நான் கண் வைத்திருந்தும் எனக்குத் தெரியாது.

"ஐயா. நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம். தீயில எங்க அப்பா செத்தாரு. எங்க வீட்டுல மிச்சம் இருந்தது அடுப்புதான். வெளியில பனி. உள்ள கொஞ்சம் சூடு வச்சு, என் பொண்டாட்டியையும் கைப்பிள்ளையையும் அந்த அடுப்புக்குள்ளதான் படுக்க வச்சேன். அந்தப் பிள்ளைக்கு இப்ப கல்யாணம் ஆயிடுச்சு. அவ்வளவுதாங்க. இடிக்காதீங்க."

உட்கார்ந்துவிட்டான். அந்த ஒரு நிமிஷம் நான் அவனை முழுசாக நம்பினேன், சத்தியமாக. சபையே எழுந்து நின்று கைதட்டியது. ட்வைனிங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லூத்தர் காப் பார்வையாளர் வரிசையிலிருந்து "பிரமாதம்!" என்றார். பிறகு எல்லோரும் உட்கார்ந்து மசோதாவை நிறைவேற்றினார்கள். எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு.

வெளியே வந்தபோது மூத்த மெம்பர் எலுவாவின் தோளில் கை போட்டார். "என் வாழ்நாள்ல இப்படி ஒரு பேச்சு கேட்டதில்ல. முடிவு முன்னாடியே ஆயிட்டதால கவலையில்லாம மனசு விட்டுக் கேக்க முடிஞ்சுது" என்றார்.

சட்டம் அச்சாகி வந்தபோதுதான் கடைசிப் பத்தியைப் பார்த்தேன். மே முதல் தேதிக்குள் எல்லாச் செங்கல் அடுப்புகளையும் இடிக்க வேண்டும். ஆனால் நிலுவையில் உள்ள விசாரணைக்குச் சான்றாகத் தேவைப்படும் அடுப்பு எதுவோ அதை யாரும் தொடக் கூடாது. தார்த்து எங்கே சுடப்பட்டதோ அந்த இடத்தைக் கமிட்டி பார்வையிடும் வரை, அதை அரசாங்கம் காப்பாற்றும்.

அதாவது, மாவட்டம் முழுக்க எல்லா அடுப்பும் போகும், எலுவா ஜாமார் வீட்டு அடுப்பு ஒன்று மட்டும் நிற்கும்.

"இதை எப்படிப்பா ஊர்ல சொல்றது?" என்றான் எலுவா. ரயிலில் முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான்.

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் ஷெரீப் வந்து, மெலானியின் அடுப்பு வாயில் கயிறு கட்டி, சிவப்பு அரக்கில் முத்திரை வைத்து, அரசாங்கச் சான்று, தொடாதே என்று பலகை மாட்டிவிட்டுப் போனார். அதே வாரம் அவருடைய ஆட்கள் கடப்பாரையோடு வந்து மற்ற வீடுகளில் ஆரம்பித்தார்கள். லம்பேர் வீட்டு அடுப்பு அரை நாள் அசையவில்லை. உச்சி வேளையில்தான் விழுந்தது. லம்பேரின் மனைவி ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டாள்.

அன்று மத்தியானமே ஒரு வண்டி வந்தது. மேடிசன் விடுதிக்காரர் பொறுப்பாக அனுப்பி வைத்த நிக்கல் பூச்சு அடுப்பு, மான் படத்தோடு. சாலையில் நின்ற அத்தனை பேர் கண் முன்னாலும் அதை எலுவா வீட்டில் இறக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பீர்க்கடையில் ஊரே கூடியிருந்தது. எலுவா வரவில்லை. எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"நீ கூட இருந்தவன். சொல்லு" என்றார் லம்பேர். "நம்ம அடுப்பையெல்லாம் வித்துட்டு அவன் அடுப்பைக் காப்பாத்திக்கிட்டானா இல்லையா?"

"அவன் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டான். என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

"ஒத்த ஓட்டு. அதுவும் தோக்கும்னு தெரிஞ்ச பிறகு. அதை யாரு வேணாலும் போடலாம்யா. அந்த இரும்பு அடுப்பு எப்படி வந்துச்சு?"

"அன்பளிப்பு."

கடையே சிரித்தது. மணியடிக்கிறவர் மட்டும் சிரிக்காமல், "இந்த அன்பளிப்பைப் பத்தி நீ ஒரு கடுதாசிலயும் எழுதலையே சிப்ரியன்?" என்றார்.

எல்லோரும் சட்டென்று என் பக்கம் திரும்பினார்கள். எழுதாததற்குக் காரணம் எதுவும் இல்லை. எழுதினால் ஊர் கலவரப்படும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னால் நானும் கூட்டு என்றாகிவிடும். அவனைப் பற்றி அவர்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இதுதான்: "நான் பார்த்தவரைக்கும் அவன் தப்பு எதுவும் செய்யல. நான் பார்க்காதது எனக்கெப்படித் தெரியும்?"

அது போதுமானதாக இருந்தது. எனக்கு ஒரு கோப்பை பீர் வாங்கிக் கொடுத்தார்கள். நான் குடித்தேன்.

அதிலிருந்து எலுவா வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. மெலானி முட்டை கொடுத்தனுப்பிய கூடை முட்டையோடே திரும்பி வந்தது. கதிர் அறுப்புக்கு ஆள் வரவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் தனியே அறுத்தார்கள். மேடிசனுக்கு எலுவா ஐந்து கடிதம் எழுதினான், முத்திரையை எடுத்து என் அடுப்பையும் இடித்துவிடுங்கள் என்று. கமிட்டி இன்னும் பார்வையிட வரவில்லை, பார்வையிடும் தேதியைத் தீர்மானிக்க ஓர் உபகமிட்டி போடப்பட்டிருக்கிறது, அதுவரை தார்த்து எதுவும் கைவசம் இருந்தால் அனுப்பவும் என்று பதில் வந்தது.

ஒரு நாள் மெலானி என் பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவரு ராத்திரில தூங்குறதில்ல. வாய் விட்டு ஒரு வார்த்தை பேசுறதில்ல" என்றாள். "கூடவே இருந்தியே சிப்ரியன். அவரு தப்பு செய்யலைன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அக்கா."

"அப்ப அதை ஊர்ல சொல்லேன்."

சொல்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு மழை பெய்ததால் கடையில் கூட்டம் குறைவு. அதற்கடுத்த வாரம் மணியடிக்கிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குச் சேணம் தைக்க ஆர்டர் கொடுப்பவர்களும் அவர்கள்தானே.

செப்டம்பரில் கெர்மிஸ் வந்தது. தார்த்து இல்லாத முதல் கெர்மிஸ். இரும்பு அடுப்பில் ஒரு தடவைக்கு இரண்டுதான் வைக்க முடிந்தது, அதுவும் அடி கருகியது. பூசை முடிந்து வாத்தியக்காரர்கள் முன்னே போக ஊர் பின்னே போயிற்று. வாத்தியம் எலுவா வீட்டைத் தாண்டும்போது அவன் சம்மட்டியோடு வெளியே வந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தான். பலகையைப் பிடுங்கிப் போட்டான், அரக்கு முத்திரையை உடைத்தான், அடுப்பின் வயிற்றில் ஓங்கி அடித்தான்.

வாத்தியம் நின்றுவிட்டது. அரசாங்கச் சான்றை அழித்தால் ஜெயில் என்று பலகையிலேயே போட்டிருந்தது, எல்லோருக்கும் தெரியும். மெலானி வாசற்படியில் நின்று அழுதாள். அவன் நிறுத்தவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி அடித்தான். தன் பிள்ளையைப் படுக்க வைத்த அடுப்பு. நல்ல கட்டுமானம். பொழுது சாயும் வரை ஆயிற்று. கடைசி வளைவு உட்கார்ந்ததும் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினான்.

"இப்ப எல்லாரும் சமம்" என்றான். "இப்பவாவது நம்புவீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் லம்பேரைப் பார்த்தேன். எலுவா மெலானியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

லம்பேர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "அது சரி. இத்தனை மாசமா விட்டுட்டு, இப்ப எதுக்கு இவ்வளவு அவசரமா இடிக்கிறான்?"

"உள்ள என்னமோ இருந்திருக்கும்யா" என்றார் மணியடிக்கிறவர்.

இரண்டு பேர் வேலியைத் தாண்டி உள்ளே போனார்கள். பின்னாலேயே நாலு பேர். கல்லைப் புரட்டினார்கள், சாம்பலைக் கையால் அள்ளிப் பார்த்தார்கள். நானும் வேலியைத் தாண்டிப் போய்க் குனிந்து, ஒவ்வொரு செங்கலாக எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தேன்.